"பையன்கிட்ட எதுவும் பேசாதீங்க" என்று சொல்பவர்களுக்கு



நீளமான பதிவு. பாதியில் விட்டுவிட்டு "அருமை ஐயா" என்று போடப்போகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். முப்பத்து நான்கு வருடம் கட்டுரை நோட்டுத் திருத்தியவன் நான். படிக்காமல் எழுதிய பதிலைக் கண்டுபிடிக்க இரண்டு வரி போதும்.

என் தங்கை மகன் போன மாதம் சாலை விபத்தில் இறந்துபோனது உறவுகளுக்குத் தெரியும். மாணவர்களிலும் சிலர் வந்திருந்தீர்கள். அவனுக்கு ஒன்பது வயதில் ஒரு மகன். அந்தப் பையனைப் பற்றித்தான் இது. அவன் அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க மாமா, நான் சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க" என்றாள்.

கருமாதி அன்று சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அதுவரை பதினாறு நாளும் அவன் யாரிடமும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசவில்லை. நானும் அப்பாவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தெருவில் ஒரு நாய் போயிற்று. "இது எங்கடா போவுது?" என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு சொன்னான்: "அதை வளர்த்தவரு பஸ் ஏறிப் போயிட்டாரு. அது பஸ்ஸ்டாண்டுக்குப் போவுது." எந்த பஸ் என்று கேட்டேன். சொன்னான். அரை மணி நேரம் சொன்னான். நடுவில் அழுதான், மூக்கைச் சிந்தினான், மறுபடி சொன்னான். கதை முழுவதையும் இங்கே எழுத மாட்டேன். அது அவனுடையது. நாய் வரைக்கும் சொல்லிக்கொள்ளலாம் என்று அவனே அனுமதி கொடுத்திருக்கிறான்.

அப்போது உறவுக்காரர் ஒருவர் வந்து நின்றார். வயதில் என்னைவிடச் சின்னவர். "பெரியவங்க, நீங்களே புள்ளைய அழ வைக்கிறீங்களே" என்று சொல்லிப் பையனைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டார். அன்று இரவே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது: "இனி யாரும் பையனிடம் பழசைக் கிளறக் கூடாது. போட்டோவை எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. நாளாக நாளாக மறந்துவிடுவான்." அதற்குக் கீழே இருபத்தேழு கட்டைவிரல். அதில் ஒன்று என் சொந்த மகனுடையது.

குழுவில் பதில் சொன்னால் சண்டையாகும். அதனால் இங்கே எழுதுகிறேன். இங்கேயும் சண்டையாகலாம். ஆகட்டும்.

முதலில் ஒன்று கேட்கிறேன். இந்தப் பையனுக்கு மொட்டையடித்து, ஈர வேட்டி கட்டி, கொள்ளிச்சட்டியைக் கொடுத்துச் சுடுகாடு வரை நடத்திக் கூட்டிப்போனது யார்? நாம்தானே? அப்பன் வாயில் வாய்க்கரிசி போட வைத்தோம். திரும்பிப் பார்க்காமல் கொள்ளி வைக்கச் சொன்னோம். அதற்கெல்லாம் அவனுக்கு வயது வந்திருந்தது. வீட்டுக்குத் திரும்பி வந்ததும் "சின்னப் புள்ள, அவனுக்கு என்ன தெரியும்" என்று ஆகிவிட்டானா? கொள்ளி வைக்க வந்த வயது, அதைப் பற்றிப் பேச மட்டும் வராதா?

இன்னொன்றும் கவனித்தேன். துக்க வீட்டில் எங்கள் பெரியம்மா, எண்பது தாண்டியவர், ஒப்பாரி எடுத்தார். இரண்டாவது அடிக்குள் ஒரு பெண் ஓடிவந்து "பாட்டி, போதும், பையன் பயந்துடுவான்" என்று நிறுத்தினாள். படித்த பெண்தான், என்னிடமே படித்தவள். ஒப்பாரி வெறும் அழுகை என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். செத்தவன் பிறந்தது, வளர்ந்தது, பெண் பார்த்தது, கடைசியாகச் சாப்பிட்டது வரை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருவதுதான் ஒப்பாரி. எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள், இறந்த அன்றே, இறந்தவனுடைய வாழ்க்கையைக் கதையாக்கித் தெருவுக்குச் சொன்னார்கள். அதை நிறுத்திவிட்டு நாம் என்ன வைத்தோம்? ஒலிபெருக்கியில் பதிவு செய்த பாட்டு. அதில் இறந்தவன் பெயர்கூட வராது.

"மறந்துவிடுவான்" என்பவர்களுக்கு என் பதில் 2005-இல் இருக்கிறது.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. அரையாண்டு விடுமுறை. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அன்று காலையில் போனார்கள். ஜனவரியில் பள்ளி திறந்தபோது என் எட்டாம் வகுப்பில் வருகைப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பெயர் கூப்பிட முடியாமல் நின்றேன். அந்த வகுப்பில் இருந்தவர்கள் சிலர் இதைப் படிக்கிறீர்கள். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

அப்போது இரண்டு வகை மனிதர்கள் இருந்தார்கள். ஒரு வகை, இப்போது நம் குடும்பக் குழுவில் இருப்பவர்கள் மாதிரி. "பிள்ளைகளிடம் கடல் என்ற வார்த்தையே எடுக்காதீர்கள், சார்." கடற்கரைப் பள்ளியில்! ஜன்னலைத் திறந்தால் சத்தம் கேட்கும். இன்னொரு வகை, வெளியிலிருந்து வண்டி வண்டியாக வந்தவர்கள். கையில் படிவம் இருக்கும், கூடவே வண்ணப் பென்சில் டப்பா. "அலை வந்தப்போ நீ எங்கே இருந்தே? என்ன பார்த்தே? யார் போனாங்க?" ஒரு குழு போனால் இன்னொரு குழு வரும். அவர்களில் நல்லவர்களும் இருந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் ஒரே வாரத்தில் பிள்ளைகள் அந்தக் கேள்விகளுக்கு மனப்பாடச் செய்யுள் ஒப்பிப்பது மாதிரி ஒப்பிக்கக் கற்றுக்கொண்டார்கள். முகத்தில் ஒன்றும் இருக்காது. சொல்லி முடித்ததும் பென்சில் டப்பாவை வாங்கிக்கொள்வார்கள்.

இப்படி உடனே உட்காரவைத்து, நடந்ததைச் சொல்லு சொல்லு என்று ஒரே அமர்வில் கறப்பது பயன் தராது, சிலருக்குக் கெடுதலும் செய்யும் என்று பிற்பாடு ஆய்வுகளில் தெரிந்தது. உலக சுகாதார நிறுவனமே அதைச் செய்யாதீர்கள் என்று சொல்லிவிட்டது. மனநல மருத்துவராக இருக்கும் என் பழைய மாணவி ஒருத்திதான் இதையெல்லாம் எனக்கு அனுப்பிப் புரியவைப்பாள். ஆகவே, "ஐயா பையனை நோண்டி நோண்டிக் கேட்கச் சொல்கிறார்" என்று யாரும் திரித்துவிட வேண்டாம். பேசாதே என்பதும் தப்பு, பேசித்தான் ஆக வேண்டும் என்பதும் தப்பு. இரண்டிலும் பேச்சின் கடிவாளம் பெரியவர்கள் கையில் இருக்கிறது.

கதையில் அது பிள்ளை கையில் இருக்கும். எனக்கு இது தானாகத் தெரியவில்லை. கற்றுக்கொடுத்தது ஒரு கட்டுரை நோட்டு. அதில் நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன்.

தன்வரலாற்றுக் கட்டுரை எல்லாருக்கும் நினைவிருக்கும். "நான் ஒரு பேனா பேசுகிறேன்", "நான் ஒரு மரம் பேசுகிறேன்." பிப்ரவரியில் வழக்கம்போல அதைக் கொடுத்தேன். எந்தப் பொருளை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றேன். பாதிப் பேர் பேனா, மரம். நாலைந்து பேர் கட்டுமரம். ஒரு பெண் "நான் ஒரு செருப்பு பேசுகிறேன்" என்று எழுதியிருந்தாள். மணலில் ஒற்றையாகக் கிடக்கும் செருப்பு. அதன் ஜோடியை அலை கொண்டுபோய்விட்டது. ஒற்றைச் செருப்பை யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், தூக்கியும் போட மாட்டார்கள் என்று எழுதியிருந்தாள். இரண்டு பக்கம். நான் என்ன செய்தேன்? ஒற்றுப்பிழைகளைச் சிவப்பு மையில் வட்டமிட்டேன். கடைசியில் "முடிவுரை இல்லை" என்று எழுதிப் பத்துக்கு ஐந்து போட்டேன்.

ஓவிய ஆசிரியர் என் மேசையில் தற்செயலாக அந்த நோட்டைப் புரட்டினார். படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "சார், இந்தப் பொண்ணோட அக்கா…" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. படிவத்தோடு வந்த எந்தக் குழுவிடமும் அந்தப் பெண் வாய் திறந்ததில்லை. "எனக்கு ஒண்ணும் ஆகலை" என்பதைத் தவிர ஒன்றும் சொன்னதில்லை. செருப்பாக இருந்து சொன்னதை அவளாக இருந்து சொல்ல அவளால் முடியவில்லை. முடிவுரை இல்லையாம்! பதின்மூன்று வயதுப் பெண் அதற்கு என்ன முடிவுரை எழுதுவாள்?

அடுத்த நாள் நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது மதிப்பெண்ணை அடித்துவிட்டு "மீதியை எழுது, படிக்கக் காத்திருக்கிறேன்" என்று நீல மையில் எழுதினேன். அந்த ஆண்டு முடியும்வரை அவள் செருப்புக் கதையை எழுதினாள். கணக்கு நோட்டின் பின்பக்கத்தில்கூட எழுதினாள் என்று கணக்கு ஆசிரியர் புகார் சொன்னார். இப்போது அவளுக்கு இரண்டு பிள்ளைகள். இதையெல்லாம் எழுதட்டுமா என்று போனில் கேட்டேன். "அஞ்சு மார்க் போட்டதையும் சேர்த்து எழுதுங்க ஐயா" என்றாள்.

அதே ஆண்டில்தான் நூலக வகுப்பில் நளன் கதையைச் சொன்னேன். ஏன் நளன்? அந்தக் கதையே ஆறுதலுக்காகச் சொல்லப்பட்ட கதை. நளவெண்பா படித்தவர்கள் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். சூதாட்டத்தில் எல்லாம் தோற்று, தருமன் காட்டில் இருக்கிறான். என்னைப் போலத் துன்பப்பட்டவன் உலகத்தில் வேறு எவனாவது உண்டா என்று, வந்த முனிவரிடம் கேட்கிறான். முனிவர் "கவலைப்படாதே, எல்லாம் சரியாகும்" என்று சொல்லவில்லை. "பழசை மறந்துவிடு" என்றும் சொல்லவில்லை. இன்னொருவன் கதையைச் சொல்கிறார். அவனும் சூதாடினான், நாட்டை இழந்தான், நள்ளிரவில் காட்டில் தூங்கிக்கொண்டிருந்த மனைவியை விட்டுவிட்டுப் போனான். தருமனுக்குத் தன் தோல்வியை நேராகப் பார்க்கும் தெம்பு இல்லை, நளனுடைய தோல்வியைப் பார்க்க முடியும். வியாச பாரதத்தில் கதை முடிந்ததும் அந்த முனிவர், பிருகதசுவர், தருமனுக்குச் சூதாட்டத்தின் நுட்பத்தையும் கற்றுக்கொடுத்துவிட்டுப் போகிறார். கதை கேட்ட பிறகுதான் காய்களைத் தொட்டுப் பார்க்கும் துணிவு அவனுக்கு வருகிறது என்று நான் எடுத்துக்கொள்வேன். பண்டிதர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், பரவாயில்லை.

கதைக்குள்ளேயும் அதேதான். கார்க்கோடகன் கடித்து உருவம் மாறிய நளன், வாகுகன் என்ற பெயரில் தேரோட்டியாக இருக்கிறான். தமயந்தி பிள்ளைகளை அவனிடம் அனுப்புகிறாள். அவன் அணைத்துக்கொண்டு அழுகிறான். ஏன் அழுகிறாய் என்றால், என் பிள்ளைகளைப் போல இருக்கிறார்கள் என்கிறான். "போல"! இந்த உவம உருபை உங்களுக்கு எத்தனை முறை கரும்பலகையில் எழுதிப் போட்டிருப்பேன். அது எதற்கு இருக்கிறது என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

நளன் மனைவியை விட்டுப் போகும் இடம் வந்தபோது ஒரு பையன் எழுந்து, "விட்டுட்டுப் போனது தப்பா ஐயா?" என்று கேட்டான். அலையில் தம்பியின் கையைப் பிடித்திருந்தவன் அவன். பிடி நழுவியது. வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். யாரும் மூச்சு விடவில்லை. நான் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் "உன் மேல் தப்பில்லைடா கண்ணா" என்று சொல்லியிருப்பேன். அதை அவனுக்கு ஊரே சொல்லிவிட்டது, ஒரு பிரயோஜனமும் இல்லை. "நீங்களே சொல்லுங்கடா" என்றேன். மூன்று நூலக வகுப்பு, மூன்று வாரம், நளன் செய்தது தப்பா என்று அடித்துக்கொண்டார்கள். கலி பிடித்ததால்தான் என்றது ஒரு கட்சி. கூடவே இருந்தால் அவளும் காட்டில் கஷ்டப்படுவாள் என்று நினைத்துத்தான் போனான் என்றது இன்னொரு கட்சி. தமயந்தியிடம்தான் கேட்க வேண்டும் என்றாள் ஒரு பெண். மூன்றாவது வாரம் அந்தப் பையன், "அவ திட்டியிருந்தாலும் அவன் திரும்பிப் போயிருக்கணும்" என்றான். அதற்கு முந்தைய வாரம்தான் அவன் அம்மா என்னிடம் வந்து, தார் ஷீட் வீட்டுக்குள் ராத்திரி படுக்கவே வரமாட்டேன் என்கிறான், என் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்கிறான் என்று அழுதிருந்தார். அன்று ராத்திரி போனானா, அதற்குப் பிறகு போனானா, எனக்குத் தெரியாது. போனான் என்பது மட்டும் தெரியும். இப்போது வெளிநாட்டில் கப்பலில் வேலை. "பேர் போடாதீங்க, மத்தபடி எழுதுங்க" என்றான்.

இதற்கெல்லாம் சான்று கேட்பவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். கேட்கச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். அமெரிக்காவில் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1986-இல் வெளியிட்ட ஆய்வு. கல்லூரி மாணவர்களை நான்கு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம், வாழ்க்கையில் பட்ட பெரிய அடியைப் பற்றி எழுதச் சொன்னார். எழுதிய அன்று மனம் கனத்தது, அதையும் மறைக்கவில்லை. ஆனால் நடந்ததையும் அதற்குத் தங்கள் மனம் பட்ட பாட்டையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த மாதங்களில் மருத்துவ மையத்துக்குப் போனது குறைந்தது. பிற்பாடு அந்த எழுத்துகளைச் சொல் சொல்லாக எண்ணிப் பார்த்தார்கள். நாளுக்கு நாள் "ஏனென்றால்", "இப்போது புரிகிறது" மாதிரிச் சொற்கள் கூடிக்கொண்டே வந்தவர்களுக்குத்தான் பலன் அதிகம். இலக்கண வாத்தியாருக்கு இதைவிடச் சந்தோஷம் வேண்டுமா! துண்டு துண்டாகக் கிடப்பதை ஒன்றோடொன்று கோப்பதுதான் கதை. கோக்கும் வேலையைச் செய்வது இந்தச் சின்னச் சொற்கள்.

எனக்கு இன்னும் முக்கியமானது 1996-இல் கிரீன்பெர்க் என்பவரும் அவரோடு இருந்தவர்களும் செய்தது. அடிபட்ட அனுபவம் உள்ள பெண்களில் சிலரைத் தங்கள் துயரத்தை எழுதச் சொன்னார்கள். வேறு சிலரைத் தங்களுக்கு நடக்காத, வேறொருவருக்கு நடந்த துயரத்தைத் தமக்கே நடந்ததுபோலக் கற்பனை செய்து எழுதச் சொன்னார்கள். அடுத்த ஒரு மாதத்தில் இரண்டு கூட்டமுமே, சாதாரண விஷயங்களை எழுதியவர்களைவிடக் குறைவாகத்தான் மருத்துவரிடம் போனார்கள். கற்பனைத் துயரம்! நாய் பஸ்ஸ்டாண்டுக்குப் போனதைச் சொன்னவன் "பழசைக் கிளறினான்" என்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசியுங்கள்.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். கதை ஒன்றுதான் மருந்து என்று சொல்ல மாட்டேன். சுனாமிக்குப் பிறகு இலங்கையின் வடகிழக்கில், போரும் கடலும் சேர்ந்து அடித்த பிள்ளைகளுக்கு, உள்ளூர் ஆசிரியர்களையே பயிற்றுவித்து ஆறு அமர்வு வைத்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்குப் பிறந்தது முதல் இன்றுவரை தன் கதையைச் சொல்லும் முறை. கயிற்றை நீளமாகப் போட்டு, நல்லது நடந்த இடத்தில் பூவும் கெட்டது நடந்த இடத்தில் கல்லும் வைத்துவிட்டு, வரிசையாகச் சொல்ல வைக்கும் முறை அது. இன்னொரு பிரிவுக்குத் தியானமும் உடல் தளர்த்தலும். இரண்டு பிரிவிலும் பெரும்பாலான பிள்ளைகள் தேறினார்கள், பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல் மாதக்கணக்கில் இழுத்தால் மருத்துவரிடம் போகத்தான் வேண்டும். அரசாங்கத்தின் 14416 எண்ணுக்குக் கூப்பிட்டாலே பேசுவார்கள். நம் பையனையும் காட்டத்தான் போகிறோம், அவன் அம்மா நாள் வாங்கிவிட்டாள்.

ஆனால் அந்தக் கயிற்றை நினைத்துப் பாருங்கள். கல்லோடு பூவும் இருக்கிறது. அப்பா தோளில் தூக்கித் தேர் காட்டியது, சைக்கிள் கற்றுக்கொடுத்தது, இவன் பல் விழுந்ததைக் கூரையில் வீசியது. போட்டோவைக் கழற்றி பீரோவுக்குள் வைத்தவர்களே, கல்லை எடுப்பதாக நினைத்துக்கொண்டு பூவை எல்லாம் அள்ளிக்கொண்டு போயிருக்கிறீர்கள். அவன் அழுவதைப் பார்க்க உங்களுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அது நியாயம்தான், எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. அதற்காக அவன் வாயைப் பொத்துவது யாருக்கு வைத்தியம்?

ஆசிரியர்களாக இருக்கும் மாணவர்களிடம் ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. நூலக வகுப்பில் தேர்வு வைக்கிறீர்கள் என்று கேள்விப்படுகிறேன். யார் என்று சொல்லவில்லை, உங்களுக்கே தெரியும். கதை சொல்லும் நாலு பேரும், தப்பித் தவறிச் சொன்னால், முடிவில் "இதிலிருந்து நாம் அறியும் நீதி" என்று பூட்டுப் போட்டுவிடுகிறீர்கள். நானும் இருபது வருடம் போட்டவன்தான். நளனைச் சொல்லிவிட்டு "ஆகவே சூதாடக் கூடாது" என்று அன்றைக்கு முடித்திருந்தால், அந்தப் பையன் எழுந்தே இருக்க மாட்டான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தங்கை வீட்டுக்குப் போகிறேன். தடுக்க நினைப்பவர்கள் குழுவில் எழுதாமல் நேரில் வந்து திண்ணையில் உட்காருங்கள். உட்கார்ந்தால் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. போட்டோவை மாட்டுவதா வேண்டாமா, எந்தச் சுவரில் மாட்டுவது என்பதை அவனையும் அவன் அம்மாவையும் கேட்டுச் செய்யுங்கள். பெரியம்மாவையும் காரில் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். அவர் என்ன சொல்வார், என்ன பாடுவார் என்பது அவர் இஷ்டம்.

நாய் இப்போது பஸ்ஸ்டாண்டு டீக்கடை பெஞ்சுக்கு அடியில் படுத்திருக்கிறது. மழை பிடித்துக்கொண்டது. கடைக்காரர் கண்ணாடி பாட்டிலைத் திறந்து ஒரு பொறையைக் கையில் எடுத்தார். அந்த இடத்தில்தான் பையனை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள்.